அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆக நேரம் எடுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வந்து சேரும்வரை மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் மதர்போர்டு தன் வேலையைச் செய்கிறது: ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், யுஎஸ்பி என ஒவ்வொன்றையும் எழுப்பிச் சோதிக்கிறது. அடுத்து விண்டோஸ் லோடு ஆகிறது. திரையில் வட்டம் சுற்றுவது இந்த நேரத்தில்தான். கடைசியாக, பாஸ்வேர்டு அடித்த பிறகு பின்னணி ப்ரோகிராம்கள் எழுந்து வரும் நேரம்.

பலரும் நேராக மூன்றாவது கட்டத்தில் கைவைக்கிறார்கள். ஸ்டார்ட்அப் ப்ரோகிராம்களை நீக்குவது, டெம்ப் ஃபைல்களை அழிப்பது, அதுவும் பலிக்காவிட்டால் ஃபார்மேட் போடுவது. ஆனால் மதர்போர்டிலேயே 50 வினாடி போகிற சிஸ்டத்தில் ஃபார்மேட் போட்டாலும் அந்த 50 வினாடி அப்படியே இருக்கும். கடையில் வாங்கும் பிராண்டட் சிஸ்டத்தில் போர்டும் ராமும் பயாஸும் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) ஒன்றுக்கொன்று பொருத்தமாக முன்பே அமைக்கப்பட்டிருக்கும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்ததில் அந்தப் பொருத்தத்தை நாம்தான் பார்க்க வேண்டும். அதனால் அசெம்பிள்ட் சிஸ்டத்தில் தாமதம் முதல் கட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது?

போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் ஓடவிட்டு மூன்று இடங்களில் நேரத்தைக் குறியுங்கள்: மதர்போர்டு லோகோ தெரியும்போது, சுழலும் வட்டம் வரும்போது, லாகின் திரை வரும்போது. லாகின் செய்த பிறகு பிரௌசர் திறந்து ஒரு பக்கம் வரும்வரை தனியாக இன்னொரு கணக்கு.

விண்டோஸும் தன் பங்குக்கு ஓர் எண் தருகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று வினாடியில் இருக்கும். இது மதர்போர்டு கட்டத்தின் நேரம். சிஸ்டம் யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையில் பூட் ஆனால்தான் (எழுந்தால்தான்) இது தெரியும். ஒரு எச்சரிக்கை: ப்ராசஸரின் கோர்கள் எழுவதற்கு முன்பே நடக்கும் ராம் சோதனை, சில போர்டுகளில் இந்தக் கணக்கில் சேராது. ஸ்டாப்வாட்சில் 45 வினாடி, இங்கே 14 வினாடி என்று வந்தால் இரண்டும் சரிதான். இடையில் காணாமல் போன நேரம் பெரும்பாலும் ராமில் போயிருக்கும்.

விண்டோஸ் பக்கத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஈவென்ட் வியூவர் இருக்கிறது. அதில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று வரிசையாக உள்ளே போங்கள். 100 என்ற எண்ணுள்ள பதிவு பூட்டின் மொத்த நேரத்தை மில்லி வினாடியில் சொல்லும். அதன் ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். ‘மெயின் பாத் பூட் டைம்’ என்பது டெஸ்க்டாப் வரும்வரை ஆன நேரம். ‘பூட் போஸ்ட் பூட் டைம்’ என்பது டெஸ்க்டாப் வந்தபின் சிஸ்டம் அமைதியாக எடுத்த நேரம். 101 என்றால் ஒரு ப்ரோகிராம், 102 என்றால் ஒரு டிரைவர், 103 என்றால் ஒரு சர்வீஸ், 109 என்றால் ஒரு சாதனம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது என்று பொருள். பெயரும் அங்கேயே இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் இங்கே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் எடுத்தால் சரி? டிடிஆர்4 ராம் உள்ள சிஸ்டத்தில் போர்டு கட்டம் 8 முதல் 15 வினாடி. டிடிஆர்5 என்றால் 12 முதல் 25 வரை போகலாம். விண்டோஸ் நல்ல எஸ்எஸ்டியில் இருந்தால் வட்டம் 5 முதல் 10 வினாடிதான் சுற்ற வேண்டும். ஹார்டு டிஸ்கில் இருந்தால் ஒரு நிமிடம்கூட இயல்புதான். அங்கே பழுது எதுவும் இல்லை, டிஸ்கின் வேகமே அவ்வளவுதான்.

திரை கறுப்பாகவே இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, ‘டிரேம்’ விளக்கு எரிகிறது

இப்போது அசெம்பிள் செய்யப்படும் சிஸ்டங்களில் அதிகம் வரும் புகார் இதுதான். குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டும் (ப்ராசஸர் உட்காரும் இடம்) டிடிஆர்5 ராமும் சேர்ந்த இடத்தில்.

இன்றைய பல போர்டுகளில் ஒரு ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: சிபியு, டிரேம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். போர்டு எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறதோ அந்த விளக்கு எரியும். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ‘டிரேம்’ விளக்கு 30, 40 வினாடி நின்று எரிந்து, பிறகு மற்றவை சட்சட்டென்று தாண்டிப் போனால் நடப்பது மெமரி ட்ரெயினிங்.

டிடிஆர்5 ராமில் தரவு ஓடும் வேகம் மிக அதிகம். ப்ராசஸரில் உள்ள மெமரி கண்ட்ரோலருக்கும் ராம் சிப்புகளுக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் சரியான தாமதமும் வோல்டேஜும் என்ன என்று போர்டு முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. ராமின் அளவும் குச்சிகளின் (ஸ்லாட்டில் சொருகும் ராம் பலகைகள்) எண்ணிக்கையும் கூடக் கூட இந்த நேரமும் கூடும். புதிதாக ராம் போட்டபின், பயாஸ் அப்டேட் செய்தபின், சிமாஸ் ரீசெட் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்தபின் முதல் தடவை சில நிமிடங்கள் ஆவது இயல்பு. 64 ஜிபிக்கு மேல் என்றால் 10 நிமிடத்துக்கும் மேல்கூடப் போகலாம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு 15 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள்.

முதல் தடவை மட்டுமல்ல, தினமும் இப்படி என்றால்தான் கவனிக்க வேண்டும். ஏஎம்5 போர்டில் ‘மெமரி காண்டெக்ஸ்ட் ரெஸ்டோர்’ என்று ஒரு அமைப்பு உண்டு. இது ஆனில் இருந்தால் போர்டு முந்தைய தடவை கண்டுபிடித்த மதிப்புகளையே எடுத்துக்கொள்ளும். ஆஃபில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோதிக்கும். ‘ஆட்டோ’ என்று விட்டால் போர்டுக்குப் போர்டு, பயாஸுக்குப் பயாஸ் நடத்தை மாறுகிறது. செய்ய வேண்டிய வரிசை இது:

1. பயாஸை, போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள, பீட்டா அல்லாத சமீபத்திய பதிப்புக்கு மாற்றுங்கள். ஏஎம்5 வந்த புதிதில் வெளியான பயாஸ்களில் ட்ரெயினிங் மிக நீளமாக இருந்தது. பின்னால் வந்தவற்றில் கணிசமாகக் குறைந்தது.
2. ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், ராமுக்கான எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை (ராம் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கான தயார் அமைப்பு) தேர்ந்தெடுத்துச் சேமித்து, ஒருமுறை முழுதாக பூட் ஆக விடுங்கள்.
3. மறுபடி பயாஸுக்குள் போய், ராம் டைமிங் பக்கத்தின் உள்ளே ‘மெமரி காண்டெக்ஸ்ட் ரெஸ்டோர்’ அமைப்பை எனேபிள் செய்யுங்கள். பெயர் எல்லா போர்டிலும் ஒன்றுதான். இருக்கும் இடம்தான் மாறும்.
4. அதே பகுதியில் ‘பவர் டவுன் எனேபிள்’ என்று ஒன்று இருக்கும். அதையும் எனேபிள் செய்யுங்கள். இது ஆஃபில் இருக்க, மேலே உள்ளது மட்டும் ஆனில் இருந்தால் நீலத் திரை வந்து சிஸ்டம் விழுவது சகஜம்.
5. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும்.

ஐந்தாவதைத் தவிர்க்காதீர்கள். பழைய மதிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் பூட் வேகமாகும். ஆனால் ராம் ஏற்கெனவே அதன் எல்லையில் ஓடிக்கொண்டிருந்தால் பிழைகள் எட்டிப் பார்க்கும். ஒரு பிழை வந்தாலும் ராம் வேகத்தை ஒரு படி குறையுங்கள். 6400 என்றால் 6000. ஏஎம்5-இல் 6000-க்கு மேல் போய் அன்றாட வேலையில் கிடைக்கும் லாபம் சொற்பம். அதற்காகத் தினமும் ஒரு நிமிடம் காத்திருப்பது வீண்.

இன்டெல் போர்டுகளில் இதே வேலையைச் செய்வது ‘எம்ஆர்சி ஃபாஸ்ட் பூட்’ அல்லது ‘மெமரி ஃபாஸ்ட் பூட்’. அதை எனேபிள் செய்தால் போதும்.

நான்கு குச்சிகள் போட்டிருந்தால் தனிக் கதை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200. நான்கு குச்சிக்கு வெறும் 3600. பெட்டியில் 6000 என்று அச்சிட்ட இரண்டு குச்சி செட்டை வாங்கி, பிறகு அதே மாடலில் இன்னொரு செட்டையும் சேர்த்து நான்கையும் 6000-இல் ஓட்டப் பார்த்தால் போர்டு திணறும். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள சிப் வேறாக இருக்கலாம். 64 ஜிபி தேவை என்றால் 32 ஜிபி குச்சிகள் இரண்டாக, ஒரே செட்டாக வாங்குவதே சரி. இரண்டு குச்சி என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பது அவைதான்.

ஆன் ஆகி, தானே அணைந்து, மறுபடி ஆன் ஆகிறது

இரண்டு மூன்று தடவை இப்படி நடந்து, கடைசியில் ஒருவழியாகத் திரை வருகிறது என்றால், பயாஸில் கொடுத்த ராம் வேகத்திலோ ஓவர்கிளாக்கிலோ (இயல்பைவிட வேகமாக ஓட்டுவது) போர்டு தோற்றுப்போய், கடைசியில் பாதுகாப்பான அடிப்படை வேகத்துக்கு இறங்குகிறது. உறுதிசெய்வது எளிது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். 6000 வாங்கிய ராம் 4800 என்று காட்டினால் ப்ரொஃபைல் ஏறவே இல்லை.

சிஸ்டத்தை அணைத்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) பின்னால் உள்ள ஸ்விட்சையும் அணைத்து, குச்சிகளைக் கழற்றி மறுபடி போடுங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும், அல்லது ஒருபக்கக் கிளிப் மட்டும் உள்ள போர்டானால் மறுமுனையும், ‘டக்’ என்று உட்கார வேண்டும். பிறகும் தொடர்ந்தால் ஒவ்வொரு குச்சியையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். குச்சிகளில் குறை இல்லை என்றால் ப்ராசஸர் கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் சமமில்லாவிட்டால் சாக்கெட் பின்களில் சில சரியாகத் தொடாமல் போய், ஒரு மெமரி சேனல் மட்டும் தடுமாறும். திருகுகளைக் குறுக்கு மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதே முறை.

தேதி பின்னால் போகிறது, பயாஸ் அமைப்புகள் மறந்துபோகின்றன

சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மெயின் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை போர்டின் கடிகாரம் எஸ்எம்பிஎஸ் தரும் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே ஓடும். வேலை முடிந்ததும் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அப்போது முழுச் சுமையும் இந்தச் செல் மீது விழுவதால் சீக்கிரம் தீரும்.

இதற்கும் பூட் நேரத்துக்கும் என்ன தொடர்பு? அமைப்புகள் அழிந்தால் போர்டு ஒவ்வொரு காலையும் புதுப் போர்டாக எழுகிறது: எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. சில போர்டுகள் ‘எஃப்1 அழுத்து’ என்று கேட்டு நின்றுவிடும்.

மாற்றுவதற்கு முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். செல் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கிளிப்பை விடுவிக்காமல் கார்டை இழுக்கக் கூடாது. மாற்றியபின் முதல் பூட் நீளமாகத்தான் இருக்கும்.

போர்டு லோகோ வந்து அங்கேயே நிற்கிறது

ராம் தாண்டிவிட்டது. இனி டிஸ்க், யுஎஸ்பி, நெட்வொர்க் மூன்றில் ஏதோ ஒன்று.

யுஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள், காசு செலவில்லாத சோதனை அதுதான். கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேரம் பாருங்கள். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி ஹப், கார்டு ரீடர், பிரிண்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். எக்ஸ்டெர்னல் டிஸ்க் சுழன்று எழ 5 வினாடிக்கு மேல் ஆகும். அதில் பூட் ஆக ஏதாவது இருக்கிறதா என்றும் போர்டு தேடும். பிடுங்கியதும் நேரம் குறைந்தால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொருகி ஆளைக் கண்டுபிடியுங்கள். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி வயர் போர்டில் சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே அறிகுறி வரும்.

இரண்டு இலக்க எண் காட்டும் சிறு டிஸ்ப்ளே உள்ள போர்டானால் வேலை இன்னும் எளிது. அதிகம் புழங்கும் ஏஎம்ஐ வகை பயாஸில் ‘பி4’ என்று நின்றால் யுஎஸ்பி. ‘ஏ2’ என்று நின்றால் டிஸ்க் தேடல்.

டிஸ்க் என்று சந்தேகம் வந்தால் சிஸ்டத்தை அணைத்துவிட்டு, விண்டோஸ் இல்லாத ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளை மட்டும் கழற்றி பூட் செய்யுங்கள். 20 வினாடி சட்டென்று குறைந்தால் அந்த டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது. முதலில் அதில் உள்ளதை நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கறுப்புத் திரையில் ‘ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4’ என்று ஒரு வரி வந்து நிற்கிறதா? போர்டு லேன் வழியாக பூட் ஆகப் பார்க்கிறது. வீட்டில் இதற்கு வேலையே இல்லை. பயாஸில் ‘நெட்வொர்க் ஸ்டாக்’ என்பதை டிஸேபிள் செய்து, பூட் வரிசையில் முதலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இருக்கும்படி வையுங்கள். வரிசை சரியாக இருந்தும் இந்த வரி வருகிறது என்றால் எஸ்எஸ்டி சில நேரம் போர்டுக்குத் தெரியாமல் போகிறது என்று அர்த்தம். அதன் திருகையும் ஸ்லாட்டையும் பாருங்கள்.

பழைய விண்டோஸை அப்படியே புதுப் போர்டுக்குக் கொண்டுவந்தவர்கள் சிஎஸ்எம் என்ற பழைய முறையைக் கவனிக்க வேண்டும். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ‘பயாஸ் மோடு’ என்ற வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்று இருந்தால் போர்டு பழைய முறையில் ஒவ்வொரு கார்டிலும் பதித்த சிறு ப்ரோகிராமை (ரோம்) ஓட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்துவிடாதீர்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருப்பதால் விண்டோஸ் எழவே எழாது. முதலில் நகல் எடுத்து, விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை மாற்றி, பிறகு அணையுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில: பயாஸில் ‘போஸ்ட் டிலே’ (லோகோவில் காத்திருக்கும் நேரம்) 3 வினாடி என்று இருந்தால் 1 ஆக்கலாம். ‘ஃபாஸ்ட் பூட்’ எனேபிள் செய்யலாம். ‘அல்ட்ரா ஃபாஸ்ட்’ மட்டும் வேண்டாம். கீபோர்டு எழுவதற்குள் பூட் தாண்டிவிடும், டெலீட் கீயை எவ்வளவு தட்டினாலும் பயாஸுக்குள் போக முடியாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் விண்டோஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் வழியாக உள்ளே போகலாம்.

பயாஸ் அப்டேட்டுக்கு முன் ஒரு வார்த்தை

மேலே அப்டேட் செய்யச் சொன்னோம். அதற்கு முன், சிஸ்டத்தில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டவர்களுக்கு, கேட்காமலே அது ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. ரெகவரி கீயைத் தனியாக எழுதிவைத்து, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல், மழை நாளில், இந்த வேலை வேண்டாம்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி வாங்குவதைத் தவிர வேறு மருந்து இல்லை. சாட்டா எஸ்எஸ்டியே போதும். அதற்கும் விலை உயர்ந்த என்விஎம்இக்கும் (போர்டிலேயே நேராகப் பொருத்தும் வேகமான எஸ்எஸ்டி) பூட் நேரத்தில் உள்ள வித்தியாசம் ஓரிரு வினாடிதான். என்விஎம்இயில் ஜென்4-இலிருந்து அடுத்த தலைமுறையான ஜென்5-க்கு மாறினால் பூட் வேகமாகும் என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருந்தும் வட்டம் 40 வினாடி சுற்றினால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது. 153 என்றால் ஒரு வாசிப்போ எழுத்தோ மறுபடி முயலப்பட்டது. பூட் ஆகும் நேரத்தில் இவை வரிசையாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த டிஸ்க் விண்டோஸ் உள்ளதாகவே இருக்க வேண்டியதில்லை. படம், பாட்டு வைத்திருக்கும் பழைய இரண்டாவது டிஸ்க் ஒன்று செத்துக்கொண்டிருந்தாலும், விண்டோஸ் அதன் பதிலுக்காகக் காத்து நிற்கும்.

அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியால் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் எண்கள்) பாருங்கள். ஹார்டு டிஸ்கில் 05 (மாற்றி ஒதுக்கிய செக்டார்கள்), சி5 (ஒதுக்கக் காத்திருக்கும் செக்டார்கள்) இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றும் நேரம். சி7 மட்டும் ஏறினால் டிஸ்கின் மீது பழி இல்லை, கேபிள். அது கேபிள் வழியில் தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண் குறையாது, ஆனால் மேலே ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. கேபினெட் மூடியை அழுத்தி மூடும்போது பின்பக்கம் சாட்டா கேபிள் மடிந்து நசுங்குவது சாதாரணமாக நடக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விண்டோஸ் எஸ்எஸ்டியில், ஆனால் பூட் லோடர் (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் சிறு ப்ரோகிராம்) ஹார்டு டிஸ்கில். இரண்டு டிஸ்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் இன்ஸ்டால் செய்தால் இப்படி ஆகலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ எந்த டிஸ்கில் இருக்கிறது என்று பாருங்கள். சி டிரைவ் இருக்கும் டிஸ்கில் இல்லாமல் மற்றதில் இருந்தால், ஹார்டு டிஸ்க் சுழன்று எழும்வரை எஸ்எஸ்டி சும்மா காத்திருக்கிறது. அந்த டிஸ்க் பழுதானால் விண்டோஸும் எழாது. கமாண்ட் பழக்கம் உள்ளவர்கள் எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் சுருக்கி, ஃபேட்32-இல் புது இஎஃப்ஐ பகுதி அமைத்து, பிசிடிபூட் கருவியால் பூட் லோடரை அங்கே எழுதலாம். மற்றவர்கள் அடுத்த தடவை விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டி தவிர எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

டிஸ்க்கில் குறை இல்லை என்றால் சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்யுங்கள். அங்கே வேகமாக வந்தால் டிரைவரோ சர்வீஸோதான். முன்பு பார்த்த 102, 103, 109 பதிவுகளில் பெயர் இருக்கும். கிராபிக்ஸ் டிரைவர், சாட்டா அல்லது ரெய்டு டிரைவர், பழைய போர்டுக்காகப் போட்டு நீக்காமல் விட்ட டிரைவர்கள் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். எஸ்எஸ்டி முழுக்க நிரம்பியிருந்தாலும் மெதுவாகும். 10 முதல் 15 சதவீதம் காலியாக விடுங்கள்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் வேகம், ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் தாமதம்

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் உண்மையில் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, அடுத்த தடவை அதைத் திரும்பப் படிக்கிறது. ரீஸ்டார்ட் மட்டுமே முழு பூட். நம்பாவிட்டால் ஷட் டவுன் செய்து ஆன் செய்தபின் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பாருங்கள், பல நாள் காட்டும்.

அந்த ஃபைல் சிதைந்திருந்தாலோ, ஏதோ ஒரு டிரைவர் தூக்கத்திலிருந்து எழ மறுத்தாலோ தாமதம் வரும். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்று போய், பூட்டியுள்ள அமைப்புகளைத் திறக்கும் இணைப்பை அழுத்தி, ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி உள்ள டெஸ்க்டாப்பில் இதை அணைத்தால் இழப்பது சில வினாடிதான். டூயல் பூட் (விண்டோஸுடன் லினக்ஸ் போல இரண்டு ஓஎஸ்) வைத்திருப்பவர்கள் எப்படியும் அணைத்தே வைக்க வேண்டும். திரும்ப வேண்டும் என்றால், பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனை அணைத்து மறுபடி ஆன் செய்தால் ஃபைல் புதிதாக உருவாகும்.

டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம். அங்கே ‘ஹை’ என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொடங்கும்போது ஒரு வினாடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தாலே அந்த முத்திரைதான். கேம் லாஞ்சர், சாட் ஆப், கிளவுட் சிங்க், பிரிண்டர் உதவியாளர் எதுவும் தானாக எழ வேண்டியதில்லை. ஆடியோ, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

அசெம்பிள்ட் சிஸ்டத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. போர்டுக்கு ஒரு மென்பொருள், ராம் விளக்குக்கு ஒன்று, கூலருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று நான்கு ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ப்ரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே விளக்கைத் தேடும். இவை ஸ்டார்ட்அப் பக்கத்தில் மட்டும் இல்லாமல் சர்வீஸாகவும் ஓடும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் செய்து, மிச்சம் உள்ள எல்லாவற்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகமாகிவிட்டால் பாதிப் பாதியாகத் திரும்ப ஆன் செய்து வந்தால் நாலைந்து ரீஸ்டார்ட்டில் ஆள் அகப்படும்.

லாகின் செய்தபின் கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் தெரிந்தால், இல்லாத நெட்வொர்க் டிரைவை விண்டோஸ் தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினாலும் இதே கதிதான்.

இதே எம்எஸ்கான்ஃபிக்கில் ‘நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்’ எண்ணை ஏற்றினால் பூட் வேகமாகும் என்று வீடியோக்கள் சொல்லும். விண்டோஸ் எப்போதுமே எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்த அமைப்பு குறைப்பதற்குத்தான். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பதும் அப்படியே: அடுத்த சில பூட்கள் மெதுவாகும். ரெஜிஸ்ட்ரி க்ளீனர் பக்கமே போகாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கிறது, படம்தான் தாமதம்

மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். சில மானிட்டர்கள் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் என்று ஒவ்வொரு இன்புட்டாகத் தேடி நிற்க 5 வினாடிக்கு மேல் எடுக்கும். மானிட்டர் மெனுவில் ஆட்டோ சோர்ஸை அணைத்து, பயன்படுத்தும் இன்புட்டை நிலையாக வையுங்கள். கேபிள் போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லினக்ஸ் போட்டிருந்தால்

அளப்பது இங்கே இன்னும் சுலபம். டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை போர்டு, பூட் லோடர், கெர்னல், மற்றவை என்று தனித்தனியாக வினாடி சொல்லும்; அதனுடன் ‘பிளேம்’ சேர்த்தால் ஒவ்வொரு சர்வீஸும் எடுத்த நேரம் வரிசையாக வரும். நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருக்கும் சர்வீஸ் மேலே இருந்தால் வீட்டு டெஸ்க்டாப்பில் அதை அணைத்துவிடலாம். சரியாக ஒன்றரை நிமிடம் நின்று பிறகு பூட் ஆகிறது என்றால், கழற்றிவிட்ட டிஸ்க் ஒன்றின் வரி எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட்டில் இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) இன்னும் இருக்கிறது. 90 வினாடி என்பது சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருக்கும் நேரம். அந்த வரியை நீக்குங்கள். டிஸ்க்கை எப்போதாவது மாட்டுவீர்கள் என்றால் ஆப்ஷன்களில் ‘நோஃபெயில்’ சேர்த்து, காத்திருக்கும் நேரத்தையும் 5 வினாடி என்று குறைத்து எழுதிவிடுங்கள்.